ஐந்தா, ஏழா?

நசீமா டீச்சரிடம் கம்ப்யூட்டர் ரிப்பேர் பழக வந்தவர்களிலேயே வயதில் மூத்தவர் வேதமுத்து. டீச்சருக்கு முப்பத்தொன்று, அவருக்கு ஐம்பத்து நாலு. "இந்த வயசுல சிஷ்யப்பிள்ளையா?" என்று வீட்டில் சிரித்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

கடை திருச்சி சிங்காரத்தோப்புப் பக்கம், ஒரு செருப்புக் கடைக்கு மேல் மாடியில். கம்பெனிகள் கழித்துவிட்ட கம்ப்யூட்டர்களை வாங்கி, தூசு தட்டி, பழுது பார்த்து விற்பது தொழில். நசீமா முன்பு பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தவர். வேலையை விட்ட பிறகும் டீச்சர் என்ற பெயர் அவரை விடவில்லை.

வேதமுத்து துவாக்குடியில் ஒரு பட்டறையில் இருபத்தெட்டு வருஷம் அளவு பார்த்தவர். லேத்திலிருந்து இறங்கும் ஒவ்வொரு உருப்படியையும் அளந்து, சரியென்றால் பச்சைப் புள்ளி, தப்பென்றால் சிவப்புப் புள்ளி வைப்பார். பட்டறையை மூடிவிட்டார்கள். அளக்கிற பழக்கத்தை யாராலும் மூட முடியவில்லை. டீ வந்தால்கூட இரண்டு டம்ளரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் ஒன்றை எடுப்பார்.

ஒரு திங்கட்கிழமை பூவரசி என்ற பெண் போன் செய்தாள். பிறவியிலேயே கண் தெரியாதவள். திரையில் இருப்பதைக் கம்ப்யூட்டர் வாய்விட்டு வாசிக்க, அதைக் காதால் கேட்டுக்கொண்டே தட்டச்சு செய்கிறவள். ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்கும் ஒரு நிறுவனம் அவளை இரண்டு வாரம் சோதித்துப் பார்க்கச் சம்மதித்திருந்தது. அடுத்த திங்களன்று தொடக்கம். அவளுடைய பழைய கம்ப்யூட்டர் செத்துப்போயிருந்தது.

"போன வருஷமும் இப்படி ஒரு வாய்ப்பு வந்துச்சுக்கா. மூணாவது நாள் மெஷின் நின்னுபோச்சு. மறுபடி கூப்பிடுறோம்னாங்க. கூப்பிடவே இல்லை."

"இந்தத் தடவை கூப்பிடலைன்னா?"

"கரூர்ல அண்ணன் வீட்டுக்குப் போயிடணும். அங்க எனக்கு ஒரு நாற்காலி போட்டு வச்சிருக்காங்க. உட்கார்றதைத் தவிர அங்க வேற வேலை கிடையாது."

டீச்சர் போனை வைத்துவிட்டு வேதமுத்துவைக் கூப்பிட்டு, அவள் சொன்னதையெல்லாம் சொன்னார். மேஜையில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஒன்று கறுப்பு, ஒன்று சாம்பல்.

"இந்த ரெண்டுல ஒண்ணு அந்தப் பொண்ணுக்கு. எதுன்னு நீங்க சொல்லுங்கண்ணே. சனிக்கிழமை வர்றாங்க."

"விலை?"

"ரெண்டும் ஒரே விலைதான்."

அங்கேதான் அவருக்குக் குழப்பம் பிடித்தது. ஒரே விலை என்றால் ஒன்று லாபம், ஒன்று நஷ்டம் என்றுதானே அர்த்தம்? எது லாபம்?

கறுப்பில் இருந்த பிராசஸர் ஐ-செவன், இரண்டாம் தலைமுறை. சாம்பலில் இருந்தது ஐ-ஃபைவ், மூன்றாம் தலைமுறை. இரண்டும் பத்து வருஷத்துக்கு மேல் பழையவை. ஏழு ஐந்தைவிடப் பெரியது. மூன்று இரண்டைவிடப் புதியது. வேதமுத்து நோட்டை எடுத்தார். நடுவில் கோடு போட்டார். கோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்துப் பார்த்து அவருக்கு மண்டை காய்ந்தது.

செவ்வாய்க்கிழமை டீச்சரிடம் போய் நின்றார்.

"டீச்சர், ஏழு பெரிசா, மூணாம் தலைமுறை பெரிசா?"

டீச்சர் ஒரு மதர்போர்டில் ஈயம் வைத்துப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"உங்க வீட்ல யாருண்ணே பெரியவங்க?"

"எங்கப்பா."

"வேகமா ஓடுறது யாரு?"

"என் பையன்."

"யார் சொன்னா வீடு கேக்கும்?"

வேதமுத்து கொஞ்சம் யோசித்தார். "என் சம்சாரம்."

"ம்," என்றார் டீச்சர். ஈயப்புகையை ஊதித் தள்ளிவிட்டு அடுத்த இடத்தைப் பற்றவைக்கப் போய்விட்டார்.

அப்பாவா, பையனா, சம்சாரமா என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் வேதமுத்து யோசித்தார். கம்ப்யூட்டரில் சம்சாரம் எது என்று அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

புதன்கிழமை இணையத்தில் தேடினார். பதினொரு பேர் ஐ-செவனை வாங்கச் சொன்னார்கள். ஒன்பது பேர் ஐ-ஃபைவை வாங்கச் சொன்னார்கள். ஒருவர் இரண்டையும் வாங்காதே என்று கத்தியிருந்தார். அவரை வேதமுத்து கணக்கில் சேர்க்கவில்லை.

வியாழக்கிழமை தானே சோதித்தார். வீடியோவை ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றும் வேலையில் ஏழு தெளிவாக முந்தியது. ஒரு பெரிய ஃபைலைத் திறக்கும் வேலையில் ஐந்து ஒரு இமைப்பொழுது முந்தியது. மறுபடி திறந்தால் பின்தங்கியது. மூன்றாம் தடவை இரண்டும் சேர்ந்தே வந்தன. மின்சாரத்துக்கு ஒரு வரி எழுதினார். ஏழு அதிகம் குடிக்கும், ஐந்து குறைவாகக் குடிக்கும். அப்படியே எழுதிக்கொண்டு போய் நோட்டில் இருபத்திரண்டு வரி ஆகிவிட்டது. பதினொன்றில் ஏழுக்குப் பச்சைப் புள்ளி. பதினொன்றில் ஐந்துக்குப் பச்சைப் புள்ளி.

பட்டறையில் இப்படி ஒரு நாளும் நடந்ததில்லை. அங்கே ஓர் உருப்படி சரியாக இருக்கும், அல்லது தப்பாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை அவர் நோட்டை டீச்சரிடம் நீட்டினார்.

"டீச்சர், என்னால ஆகலை. நீங்களே சொல்லிடுங்க."

"ஏண்ணே?"

"பயமா இருக்கு. கண் தெரியாத பிள்ளை. நம்மளை நம்பி வருது. நான் தப்பான பெட்டியைக் கொடுத்து, அது மூணாவது நாள் நின்னுபோச்சுன்னா? அந்த நாற்காலியை நினைச்சா ராத்திரி தூக்கம் வரலை."

டீச்சர் நோட்டை வாங்கி இருபத்திரண்டு வரிகளையும் படித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"நாளைக்கு அவங்க வரட்டும்," என்றார்.

சனிக்கிழமை மூன்று மணிக்குப் பூவரசி வந்தாள். படிகளைக் கோலால் தட்டிப் பார்த்துக்கொண்டு, யார் கையையும் பிடிக்காமல் மாடி ஏறினாள். தோளில் ஒரு பை. அதில் ஹெட்போன், பென்டிரைவ். பென்டிரைவில் அந்த நிறுவனம் பழகிப் பார்க்க அனுப்பிய ஒலிப்பதிவு. ஏதோ ஒரு கோர்ட்டில் யாரோ சாட்சி சொல்வது போல நடித்துப் பதிந்தது.

வேதமுத்து நோட்டைப் பிரித்து, முதல் வரியிலிருந்து வாசித்துக் காட்டினார். பூவரசி மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் வரியில் அவள் கை தானாக மேஜையைத் தடவி விசைப்பலகையைத் தேடியது.

"சார், ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளும்மா."

"நான் தொட்டுப் பாக்கலாமா?"

டீச்சர் எழுந்து வந்தார். இரண்டு கம்ப்யூட்டரையும் ஓடவிட்டு, திரை வாசிக்கும் மென்பொருளைப் போட்டுவிட்டார். பிறகு இரண்டு மானிட்டரையும் அணைத்தார்.

வேதமுத்து பதறிப்போனார். "டீச்சர், அப்ப நான் எதைப் பாக்கிறது?"

"நீங்க எதுக்குண்ணே பாக்கணும்?" என்றார் டீச்சர்.

பூவரசி கறுப்பின் முன் உட்கார்ந்தாள். ஹெட்போனை மாட்டினாள். ஒரு காதில் சாட்சி பேசினார், மறு காதில் கம்ப்யூட்டர் பேசியது. அவள் விரல்கள் ஓடின. நாலு நிமிஷம் தட்டினாள். எழுந்து சாம்பலின் முன் உட்கார்ந்தாள். அங்கேயும் நாலு நிமிஷம். மறுபடி கறுப்பு. நெற்றியைச் சுருக்கினாள். மறுபடி சாம்பல்.

வேதமுத்து பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். திரை இருட்டு. எண் கிடையாது, கோடு கிடையாது. அந்தப் பெண்ணின் முகத்தைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. இருபத்தெட்டு வருஷத்தில் அவர் அளந்த எதற்கும் முகம் இருந்ததில்லை.

"இது," என்றாள் பூவரசி. கை சாம்பலின் மேல் இருந்தது.

"இது வேகமா இருக்கா?"

"இல்ல சார். வேகம் ரெண்டும் எனக்கு ஒண்ணுதான்."

"அப்புறம்?"

"அது மூச்சு வாங்குது சார். சாட்சி மெதுவாப் பேசுற இடத்துல எனக்கு அந்த மூச்சுதான் கேக்குது. இது சத்தமே போடலை."

வேதமுத்துவின் முகம் மலர்ந்தது. வாரம் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டதற்கு விடை கிடைத்துவிட்டது. "பாத்தீங்களா டீச்சர்! ஐந்து கம்மியா மின்சாரம் குடிக்கும். சூடு கம்மி. அதனால ஃபேன் மெதுவா சுத்தும். சத்தம் கம்மி. ஐந்துதான் நல்லது!" நோட்டில் இருபத்து மூன்றாம் வரி எழுதி, பக்கத்தில் பெரிய பச்சைப் புள்ளி வைத்தார்.

டீச்சர் தலையைச் சொறிந்தார்.

"மத்தியானம் நீங்க சாப்பிடப் போனீங்கல்லண்ணே."

"ஆமா."

"ரெண்டு பிராசஸரையும் கழட்டித் துடைச்சேன். சூடு கடத்துற பேஸ்ட் தடவித் திரும்ப மாட்டினேன். ரெண்டு பெட்டிக்கும் ரெண்டுமே பொருந்தும்."

"சரி."

"எதை எதுல மாட்டினேன்னு ஞாபகம் இல்ல."

வேதமுத்துவின் பேனா அப்படியே நின்றது.

"அப்ப சாம்பல்ல இருக்கறது ஏழாக்கூட இருக்கலாமா?"

"இருக்கலாம்."

"அப்ப சத்தம்?"

"கறுப்பு ஃபேன் தேய்ஞ்சுபோன ஃபேனுண்ணே. உள்ள எது இருந்தாலும் அது கத்தும்."

"அப்ப ஃபேனை மாத்தினா கறுப்பும் சும்மா இருக்குமே?"

"இருக்கும்."

"அப்ப மறுபடி முதல்லேர்ந்தா?"

டீச்சர் தன் மேஜைக்குத் திரும்பிவிட்டார்.

வேதமுத்துவுக்குத் தலை சுற்றியது. ஆனால் வழி இருந்தது. சாம்பலின் மானிட்டரைப் போட்டால் போதும், இரண்டு கிளிக்கில் ஐந்தா ஏழா என்று தெரிந்துவிடும். மௌஸை நோக்கிக் கையை நீட்டினார்.

பூவரசி இதற்குள் மறுபடி தட்ட ஆரம்பித்திருந்தாள். இரண்டு கம்ப்யூட்டர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வந்ததையே மறந்துவிட்டவள் போல இருந்தாள். தோள்கள் தளர்ந்து, உதடு லேசாக அசைந்துகொண்டிருந்தது.

"ஏம்மா, ஒரு நிமிஷம் நிறுத்து. உள்ள இருக்கறது எதுன்னு பாத்துடறேன்."

"இருங்க சார்," என்றாள் அவள், விரலை எடுக்காமல். "சாட்சி பேசிக்கிட்டிருக்காரு."

நீட்டிய கையை வேதமுத்து மெல்ல இழுத்துக்கொண்டார்.

சாட்சி முடிக்க இருபது நிமிஷம் ஆனது. கீழே செருப்புக் கடையில் யாரோ ஒரு ஜோடி பத்தவில்லை என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். பூவரசி கடைசி வரியைத் தட்டி, கம்ப்யூட்டரை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். ஒரே ஒரு எழுத்துப்பிழை. அதைத் திருத்திவிட்டு ஹெட்போனைக் கழற்றினாள். அவள் சிரித்தது வேதமுத்துவைப் பார்த்து அல்ல, கொஞ்சம் தள்ளி ஜன்னலைப் பார்த்து. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஏன் என்று அவருக்கே புரியவில்லை.

சாம்பலை அணைத்து, அட்டைப்பெட்டியில் வைத்து, சுற்றிலும் பழைய செய்தித்தாளைத் திணித்தார். டேப் ஒட்டினார். அந்தத் தெருவில் பெட்டியின் மேல் மார்க்கரால் பிராசஸர் பெயரை எழுதித்தான் அனுப்புவார்கள். வேதமுத்து மார்க்கரின் மூடியைத் திறந்தார். பெட்டிக்கு மேல் பிடித்தார். எழுத ஒன்றும் வரவில்லை.

"டீச்சர்."

"சொல்லுங்கண்ணே."

"பெட்டி மேல என்ன எழுதட்டும்? ஐந்தா, ஏழா?"

டீச்சர் அடுத்த மதர்போர்டைக் கையில் எடுத்திருந்தார்.

"பூவரசின்னு எழுதுங்க."