கூச வைக்கும் நாற்காலி

கோகிலவாணி இன்டீரியர் டிசைன் படிப்பவள். பாதி நாள் வகுப்பு, பாதி நாள் வேலை என்று ஓடும் பட்டப்படிப்பு அது. திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளி தெய்வசிகாமணியின் புது அறையை வடிவமைக்க, அவள் வேலை பார்க்கும் நிறுவனத்திலிருந்து அவளை அனுப்பினார்கள்.

"அரைப் படிப்புக்காரியா?" என்று ஊழியர்கள் முன்னால் சிரித்தார் முதலாளி. "சரி, லீவு கேட்டு வர்றவன் என் எதிர்ல உக்காந்ததுமே கூசிப்போயி, வாயத் தொறக்காம திரும்பணும். அப்படியொரு நாற்காலி போடு, பாக்கலாம்."

அவமானத்தில் அவளுக்குக் காது எரிந்தது. தலையாட்டிவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம், தரையோடு ஒட்டினாற்போல் ஒரு குட்டை நாற்காலி வந்து இறங்கியது. ஊழியர்கள் கூடிவிட்டார்கள்.

"நீங்களே உக்காந்து பாருங்க சார்," என்றாள் கோகிலவாணி.

"நான் எதுக்கு?"

"மத்தவங்க நீங்க பேசுனாலே கூசிப்போறாங்க. அப்புறம் நாற்காலி வேலை செய்யுதான்னு எப்படித் தெரியும்? சோதிக்க உங்கள விட்டா ஆளில்லீங்க."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வீம்புக்கு உட்கார்ந்தார் தெய்வசிகாமணி. முழங்கால் நெஞ்சில் முட்டியது. தன் ஊழியர்களை முதன்முதலாக அண்ணாந்து பார்த்தார். யாரும் இப்போது சிரிக்கவில்லை. அதுதான் அவரை இன்னும் சுட்டது.

எழ முயன்றார், முடியவில்லை. கோகிலவாணிதான் கை கொடுத்துத் தூக்கினாள்.

"சாதாரண நாற்காலியே போட்டுரும்மா," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.