அந்திச் சிவப்புக்கு உரிமை கேட்ட கும்பினி

செங்கானூரை விசயபூபதி ஆண்ட காலத்தில் அந்த ஊருக்கு ஒரு பெரிய பாக்கியம் வாய்த்திருந்தது. அதன் பெயர் சாயக் கும்பினி. ஊரில் யாருக்கு என்ன புதிதாகத் தோன்றினாலும், அது கும்பினிக்கு ஆறு தலைமுறைக்கு முன்பே தோன்றியிருக்கும். மறுவாரம் அவர்களே வந்து சொல்லிவிடுவார்கள்.

அந்தக் கும்பினியின் முதலாளி சீராளர் ஒருநாள் அரண்மனைக்கு வந்து, ராஜாவின் தலையில் சிவப்புப் பட்டுத் தலைப்பாகை ஒன்றைக் கட்டிவிட்டார். கண்ணாடியில் பார்த்த ராஜாவுக்கு வாயெல்லாம் பல். அந்தப் பல் மறைவதற்குள் சீராளர் மனுவை நீட்டினார்.

"மகாராஜா, இந்த அந்திச் சிவப்பு எங்கள் கும்பினியின் சொத்து. ஆற்றங்கரையில் மங்கத்தாயி என்று ஒருத்தி எங்கள் பக்குவத்தைத் திருடி இதே சாயம் போடுகிறாள். இனி நாங்கள் மட்டுமே போடலாம் என்று செப்பேடு அருள வேண்டும். அவளுடைய பானைகளை உடைக்கவும் உத்தரவாக வேண்டும்."

ராஜாவுக்கு நீதியும் பிடிக்கும், தலைப்பாகையும் பிடிக்கும். இரண்டும் மோதினால் கொழுந்துவேலரைக் கூப்பிடுவார். சபையில் கொழுந்துவேலருக்குப் பதவி ஒன்றும் கிடையாது. அதனால் வேலையெல்லாம் அவர் தலையில்தான் விழும்.

"கும்பினிக்கு எதெது சொந்தம் என்று தணிக்கை செய்துவிட்டு வாரும். உரிமை அவர்களுடையது என்றால் நாளைக்கே அந்தப் பெண்ணின் பானை உடையும்" என்றார் ராஜா.

இந்தக் காலத்தில் இதற்கு அறிவுசார் சொத்துரிமைத் தணிக்கை என்று பெயர். கழுத்தில் டை கட்டிக்கொண்டு வந்து செய்கிறார்கள். கொழுந்துவேலர் வெற்றிலைப் பெட்டியோடு போனார்.

கும்பினியில் பட்டியல் தயாராக இருந்தது. நாற்பத்திரண்டு சொத்துகள். மாங்காய்க் கரை, கட்டம் போட்ட சேலை, துணியை நாலாக மடிக்கும் விதம்...

"துணியை மடிப்பதும் உங்களுடையதா?"

"எங்கள் பாட்டனார் கண்டுபிடித்தது."

"அதுவரை ஊரே சுருட்டித்தான் வைத்திருந்தது போலிருக்கிறது, பாவம். நல்லவேளை, மூச்சு விடுவதைப் பாட்டனார் கவனிக்கவில்லை."

"அது அடுத்த பட்டியலில் வருகிறது" என்றார் சீராளர்.

கடைசியாக, மூன்று பூட்டுப் போட்ட பெட்டியிலிருந்து சாயப் பக்குவ ஏடு வெளியே வந்தது. ஆறு தலைமுறை ஏடாம். ஆனால் ஓலையைப் பழசாக்கக் காட்டிய புகையின் வாசனை இன்னும் போகவில்லை. கொழுந்துவேலர் படித்தார். பாதியில் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. இருமி மறைத்தார்.

"இதை நீங்கள் படித்திருக்கிறீர்களா, முதலாளி?"

"கணக்கப்பிள்ளை எழுதி..." சீராளர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அவர் படித்துக்கொள்வார். பூட்டுவது மட்டும்தான் என் வேலை."

திரும்பும் வழியில் கொழுந்துவேலர் ஆற்றங்கரைக்குப் போனார். மங்கத்தாயிக்கு எழுத்தும் தெரியாது, ஏடும் கிடையாது. இரண்டு கைகளும் முழங்கை வரை சிவந்திருந்தன. இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும் என்று அவருக்குக் கோபமாக வந்தது. ஆனால் ராஜாவோ எழுத்தைத்தான் நம்புவார். சரி, எழுத்தே பேசட்டும் என்று முடிவு செய்தார்.

மறுநாள் சபையில், சிம்மாசனத்துக்கு நேர் கிழக்கே அடுப்பு மூட்டினார்கள். காவலர்கள் தூக்கி வந்த தன் பானைகளைப் பார்த்தபடி மங்கத்தாயி ஓரமாக நின்றாள்.

"முதலாளி, ஆறு தலைமுறைப் பக்குவம். நீங்களே படித்து, படித்தபடியே செய்து காட்டுங்கள். எழுத்துத் தப்பாமல் செய்தால் உரிமை உங்களுக்கு" என்றார் கொழுந்துவேலர்.

"இவ்வளவுதானே!" சீராளர் அங்கவஸ்திரத்தை இடுப்பில் இறுக்கிக்கொண்டு படித்தார். "'துணியைக் கடுக்காய் நீரில் நனை.'" நனைத்தார். "'சாயவேர்ப் பொடியை மூன்று கை போடு. இடுப்பைப் பிடித்துக்கொண்டு அம்மாடி என்று முனகு.'"

நிறுத்தினார்.

"முனகுங்கள், முனகுங்கள். பாட்டனார் காரணம் இல்லாமலா எழுதியிருப்பார்?" என்றார் கொழுந்துவேலர்.

சீராளர் முனகினார். அடுத்து, காக்காயைச் சூ என்று விரட்டச் சொன்னது ஏடு. சபையில் காக்காய் ஏது? இல்லாத காக்காயை விரட்டினார். மந்திரிகள் எல்லாரும் திடீரென்று விதானத்துச் சித்திரங்களை ரசிக்க ஆரம்பித்தார்கள்.

"'கொதி வந்ததும் மேற்கே திரும்பி...'"

திரும்பினார். மேற்கே, புதுத் தலைப்பாகையோடு ராஜா உட்கார்ந்திருந்தார். சீராளர் ஏட்டைப் பார்த்தார், ராஜாவைப் பார்த்தார். மறுபடியும் ஏட்டைப் பார்த்தார்.

"ம், ஆகட்டும்" என்றார் ராஜா.

"'தண்டச்சோறே... எழுந்து வந்து விறகைத் தள்ளு'" என்று சீராளர் முணுமுணுத்தார்.

கொழுந்துவேலர் ஏட்டை எட்டிப் பார்த்தார். "முணுமுணுக்கச் சொல்லவில்லையே? தொண்டை கிழியக் கத்து என்றல்லவா இருக்கிறது! அசையாவிட்டால் இன்னும் இரண்டு தரம் கத்து என்றும் இருக்கிறது. மகாராஜா இன்னும் அசையவில்லை."

"யாரய்யா தண்டச்சோறு?" என்று எழுந்தார் ராஜா.

"அது... அது ஒரு மந்திரம், மகாராஜா!"

மங்கத்தாயி தலையில் அடித்துக்கொண்டாள். "மந்திரமும் இல்ல, மாயமும் இல்ல சாமி. எங்க வீட்டுக்காரரு! அடுப்புக்கு மேற்காலதான் கட்டிலப் போட்டுப் படுத்திருப்பாரு. இடுப்பு வலியும் என்னோடதுதான். போன மாசம் ஒருத்தன் ஓலையும் எழுத்தாணியுமா மதில் மேல மூணு நாளு உக்காந்திருந்தான். ஏதோ ஊரளக்க வந்தவன்னு மோரு வேற குடுத்தேன்!"

கும்பினிக் கணக்கப்பிள்ளை கண்ணால் கண்டதை ஒன்று விடாமல் எழுதுகிற உத்தமர். எது சாயம், எது சம்சாரம் என்று பிரித்துப் பார்க்க அவருக்கு உத்தரவில்லை.

சீராளர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். கோபமாக எழுந்த ராஜா சிரித்த சிரிப்பில் தலைப்பாகை அவிழ்ந்து தோளில் தொங்கியது. அந்திச் சிவப்பு மங்கத்தாயிக்கே என்று அந்த இடத்திலேயே தீர்ப்பானது. பானைகள் பத்திரமாக வீடு போய்ச் சேரவும் உத்தரவானது.

"வேறென்ன வேண்டும், கேளம்மா."

"ஒண்ணே ஒண்ணு, மகாராசா. அந்தக் கத்துற பங்க மட்டும் கும்பினிக்கே எழுதிக் குடுத்துடுங்க. இருவது வருசமாக் கத்துறேன், அந்த மனுசன் அசையல. தெனம் காலையில முதலாளி வந்து கத்தட்டும்."

ராஜா மறுபடியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "கொழுந்துவேலரே, செப்பேட்டில் சேர்த்துவிடும்!"

"சேர்த்துவிட்டேன், மகாராஜா. முதலாளி ஆசைப்பட்டபடியே தனியுரிமை. வேறு யாரும் கத்தக் கூடாது."