அசையாத காளான்

“கை நடுங்குது மாதியம்மா. இதை நிறுத்த ஒரு வழி சொல்லுங்க.”

கேட்டவர் டாக்டர் சத்தியநேசன். முப்பது வருடம் கண்புரை அறுத்தவர். போன தை மாதம் தன் விரல்களைத் தானே பார்த்துவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தார். அதன் பிறகு யார் முன்னாலும் அவர் கையை நீட்டவில்லை. காபி டம்ளரைக்கூட யாரும் பார்க்காதபோதுதான் எடுத்தார்.

மாதிக்கு அவர் வயதில் பாதி. சோலைக்காட்டில் காளான்களைப் படம் எடுப்பவள். நகத்தளவு காளான் அவள் படத்தில் சுவர் உயரத்துக்கு நிற்கும், மயிரிழைகூட அசையாமல். அதைக் கற்றுக்கொள்ளத்தான் டாக்டர் மலையேறி வந்திருந்தார்.

மாதி பயறு நிரப்பிய துணிப்பை ஒன்றை ஈர இலைகள்மேல் வைத்தாள்.

“கேமராவை இதுமேல வைங்க. கையை எடுத்துடுங்க.”

வைத்தார்.

எதிரே மட்கிய கட்டையில் ஒற்றைக் காளான். முடி போன்ற காம்பு, பால் நிறக் குடை. மூடுபனி மரங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்தது. கடைசியில் அந்தக் குடை மட்டும் மிச்சம் இருந்தது.

தள்ளி உட்கார்ந்து ரிமோட்டை அழுத்தினார். படம் கலங்கியிருந்தது.

மூச்சை அடக்கிக்கொண்டு அழுத்தினார். அதுவும் கலங்கல்.

“நான் தொடவே இல்லையே!” என்றார்.

“அப்ப யாரு ஆட்டுறாங்கன்னு பாருங்க.”

ஈரத்தில் கன்னம் பதியப் படுத்தார். மாதி கொடுத்த பூதக்கண்ணாடியைப் பிடித்தார். குடைக்கு அடியில், வெள்ளைத் திரைகள்போல் தொங்கிய மடிப்புகளுக்கு நடுவே, கடுகளவு வண்டு ஒன்று உலாத்திக்கொண்டிருந்தது. அது ஓர் அடி வைத்தால் காளான் முழுதும் சிலிர்த்தது.

எவ்வளவு நேரம் பார்த்தார் என்று அவருக்கே தெரியாது.

“இதை எடுத்துடலாமா?”

“உங்க இஷ்டம்.”

விரலை நீட்டினார். விரல் நடுங்கியது. வண்டு குடையின் விளிம்புக்கு வந்தது. மீசையால் தொட்டுப் பார்த்தது. பிறகு விரலில் ஏறிக்கொண்டது.

விரல் ஆடியது. வண்டு நடந்தது. நகத்தைத் தாண்டி, முதல் கணுவில் நின்று, சாவகாசமாக மீசையைத் துடைத்துக்கொண்டது.

காளான் அசையாமல் நின்றது.

“இப்ப படம் எடுங்க டாக்டர்,” என்றாள் மாதி. “பனி மூடப்போகுது.”

“கொஞ்சம் இருங்கம்மா,” என்றார் அவர், மெதுவாக. “இது இறங்கட்டும்.”