இளவரசியின் காலைச் சுவர்

முன்னொரு காலத்தில் மாந்தோப்பு நாட்டை மகரத்துவசன் என்றொரு ராஜா ஆண்டான். காலையில் கொடுத்த பட்டத்தை மாலையில் பிடுங்குகிற ஆசாமி. அதிலும் அவனுக்குக் காலை என்றால் ஊருக்கு உச்சிவேளை.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். அரச குலத்தின் கடைக்குட்டி வந்து மணியடித்தால்தான் கோட்டைக் கதவு திறக்கும். அப்போது கடைக்குட்டி, ஐந்து வயது இளவரசி குழலி. எழுப்பினால் பல் தேய்க்கமாட்டாள், தேய்த்தால் தலைவார விடமாட்டாள். அழுது முடித்து அவள் மணியடிப்பதற்குள் வெளியே கீரை வாடிவிடும், பால் திரிந்துவிடும்.

தாயில்லாப் பிள்ளையான அவளை வளர்க்கும் பொறுப்பு மந்திரி வடிவுடைநாச்சியிடம் இருந்தது. ராஜா எதற்கும் நாச்சியாரையே கேட்கிறானே என்று அரண்மனை அதிகாரி உத்தண்டராயருக்கு வயிற்றெரிச்சல். அவர் சும்மா இருப்பாரா? ஒருநாள் சபைக்குப் பிரம்போடு வந்தார்.

"அடியாத மாடு படியாது, மகாராஜா" என்றார்.

ராஜாவுக்கு அது பிடித்துப்போயிற்று. இனி தாமதமானால் சபை நடுவே இளவரசிக்குப் பிரம்படி, அடிப்பது நாச்சியார் கை என்று உத்தரவு போட்டான். குழந்தை ஓடிவந்து மந்திரியின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

நாச்சியார் பிரம்பைத் தொடவில்லை.

"மாட்டேன், மகாராஜா. என் தலையை வேண்டுமானால் எடுங்கள். குழந்தைமேல் கை ஓங்கமாட்டேன். ராயர் சொன்ன பழமொழியை மாட்டைக் கேட்டு யாரும் சொல்லவில்லை."

நாச்சியார் விடவில்லை. இளவரசியை எழுப்பும் பணியாட்களை ஒரே ஒரு காலை ராயர் வீட்டுக்கு அனுப்புங்கள், அன்று இளவரசிக்குப் பதில் அவர் நேரத்துக்கு வந்து மணியடித்துவிட்டால் அந்தப் பிரம்படியை நானே வாங்கிக்கொள்கிறேன் என்றாள். வேடிக்கை என்றால் ராஜாவுக்கு வெல்லக்கட்டி. சரியென்று விட்டான்.

மறுநாள் ராயர் கண்விழித்ததும் ஒருத்தி பல் தேய்க்கச் சொன்னாள். இன்னொருத்தி அதற்குள் தலையில் எண்ணெயை ஊற்றினாள். பால் ஆறுகிறது என்று ஒருவன் கத்தினான். வேட்டி எங்கே என்று ஒருவன் அதட்டினான். ஏன் மரம்போல் நிற்கிறீர் என்று எல்லாரும் சேர்ந்து கேட்டார்கள். வெயில் ஏறிய பிறகு ராயர் வந்தார். பாதித் தலையில் எண்ணெய், தலைப்பாகை கக்கத்தில், வேட்டி தலைகீழ். கோட்டைக் கதவு திறந்ததும் கீரைக்காரிகள் சிரித்த சிரிப்பில் காக்கைகள் பறந்தன.

"நான் என்ன செய்வேன் மகாராஜா, எதை முதலில் செய்வது என்றே தெரியவில்லை" என்று புலம்பினார் ராயர்.

"இதைத்தான் குழந்தை தினமும் அழுது சொல்கிறாள்" என்றாள் நாச்சியார்.

அன்றே குழலியின் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் படம் எழுத வைத்தாள். முதலில் எழுந்து உட்காரும் பிள்ளை, பிறகு வேப்பங்குச்சி, குளிக்கும் செம்பு, பாவாடை, சீப்பு, பால் கிண்ணம், கடைசியில் மணி. ஒவ்வொன்றின் மேலும் சுருட்டிக் கட்டிய சின்னத் திரை. வேலை முடிந்ததும் குழந்தையே அதை இறக்கி மூட வேண்டும். பணியாட்கள் வாயைத் திறக்கக்கூடாது. கேட்டால் சுவரைக் காட்டலாம்.

முதல் நாள் பாவாடை முன்பின்னாக வந்தது. ஒருநாள் திரையை மட்டும் இறக்கிவிட்டுப் பல் தேய்க்காமல் ஏமாற்றினாள். நாச்சியார் திட்டாமல் திரையைத் திரும்பச் சுருட்டினாள். நாளாக ஆக, கீரை வாடுவதற்கு முன்பே மணி கேட்டது.

ராஜாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நாச்சியாருக்கு முத்துமாலை போட்டான். ராயர் கொண்டுவந்த பிரம்பை ராயரிடமே கொடுத்து, அரண்மனை அவரைப்பந்தலுக்கு ஊன்றச் சொன்னான்.

மறுநாள் உச்சியில் ராஜா கண்விழித்தபோது, எதிர்ச்சுவரில் கரிக்கட்டியால் கோணல்மாணலாகப் படங்கள். கிரீடம் வைத்த ஓர் ஆள் எழுந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் குச்சி, செம்பு, சிம்மாசனம். எவன் கிறுக்கினான் என்று ராஜா கர்ஜித்தான். ராயர் சுண்ணாம்பு வாளியோடு ஓடிவந்தார்.

கட்டிலருகே கரிக்கையோடு நின்ற குழலி அசையவில்லை.

"நான்தான். நான் மணியடிச்சு எவ்வளவு நேரமாச்சு. நீங்க இன்னும் முதல் படத்துக்கே வரலை அப்பா."

ராஜா சுவரைப் பார்த்தான், மகளைப் பார்த்தான். ராயரை வாளியோடு வெளியே போகச் சொல்லிவிட்டு, எழுந்து உட்கார்ந்தான்.

அந்தச் சுவருக்கு அதன்பிறகு யாரும் வெள்ளையடிக்கவில்லையாம்.