கூண்டு ஏறாத கம்பம்

பூட்டே போடவில்லை என்று மார்தட்டிக்கொண்டு திரிகிறாயே, அரசே, உன்னைத்தான்! கைகழுவியது போதும், இந்தக் கதையையும் கேட்டுவிட்டுப் போ.

சிப்பித்துறையில் அரசின் கடல் ஆய்வு நிலையம் ஒன்று இருந்தது. ஆழ்கடலில் கிடக்கும் மிதவை, காற்றையும் அலையையும் அளந்து சொல்லும். நிலையத்தார் அதைப் படித்து, ஆபத்தென்றால் வாசல் கம்பத்தில் புயல் கூண்டு ஏற்றுவார்கள். கூண்டு தெரிந்தால் வள்ளம் இறங்காது; கம்பம் காலியாக இருந்தால் இறங்கும். கரைக்கு அதுதான் வேதம்.

சிக்கனம் என்ற பெயரில் அந்த நிலையத்தை மூடப் பார்த்தார்கள். மீன் ஏலத்தில் எவனுக்கும் மசியாத லித்தியாள், ஊரைத் திரட்டிப்போய்ச் சட்டசபை வாசலை மறித்தாள். உறுப்பினர் இருதயராஜ் சட்டம் கொண்டுவந்தார்: 'சபை சம்மதிக்காமல் இப்படிப்பட்ட நிலையம் எதையும் மூடக்கூடாது.' ஆட்களைக் குறைக்கக்கூடாது என்ற வரியை மட்டும், மசோதா நிறைவேறினால் போதுமென்று விட்டுக்கொடுத்தார்.

அந்த ஓட்டை போதாதா? இலாகாச் செயலாளர் சந்திரமௌலி, மிதவையைப் படிக்கத் தெரிந்த அத்தனை பேரையும் வேறு ஊருக்கு மாற்றினார். மிஞ்சியவர் காவலாளி எபனேசர் ஒருவர்தான்.

"ஆளெல்லாம் எங்கண்ணே?" என்று லித்தியாள் கேட்டாள்.

"தலைநகர்ல இருந்தே பாக்காங்களாம். போன் வந்தா கூண்டு ஏத்தணும்னு செயலாளர் சொல்லியிருக்காரு."

கதவு சாத்திக் கிடந்தால் இடத்தையே பிடுங்கிவிடுவார்களோ என்று, எபனேசர் தினமும் திறந்துவைத்துப் போன் பக்கத்திலேயே காத்திருந்தார்.

இலாகாவின் ரோந்துப் படகு, ஆட்கள் மாறிப்போன அன்றே செயலாளரின் உத்தரவால் கரையில் கட்டப்பட்டது. எஞ்சினில் ஒரு பழுதும் இல்லை. லித்தியாளின் தம்பி அமலன் அதைப் பார்த்துச் சிரித்தான். "யக்கா, சர்க்கார் படகுக்குக் கடலைக் கண்டா குளிருது போல!"

"வாயளக்காம கம்பத்தைப் பாத்துட்டுப் போலே."

பார்த்தான். காலியாக இருந்தது. போனான். மதியம் காற்று புரட்டி எடுத்தது. வள்ளம் கவிழ்ந்து கரை ஒதுங்கியது, அமலன் வரவில்லை.

விசாரணையில் இருதயராஜ், "ஒரு வரியை விட்டேன், நிலையத்தைக் காப்பாற்றத்தானே விட்டேன்?" என்றார். எபனேசர், "போன் வரவேயில்லை, தாயே" என்று லித்தியாளைப் பார்த்து அழுதார். சந்திரமௌலி நிதானமாகச் சொன்னார்: "சட்டப்படி நிலையம் திறந்தே இருந்தது. மிதவையைத் தலைநகரில் பார்க்கிறார்கள் என்றே நானும் நம்பினேன்."

மூவரும் பிசகியவர்கள்தான். ஆனால் அமலனின் உயிருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

விடை: சந்திரமௌலி. இருதயராஜ் ஏமாந்தார், எபனேசர் நம்பினார். தலைநகரிலும் மிதவையைப் படிக்க ஒருவருமில்லை என்பது செயலாளருக்கு முதல் நாளே தெரியும். தெரியாதவர் நல்ல படகை ஏன் கட்டிவைக்கிறார்? தன் படகுக்குச் சொன்னவர் ஊருக்குச் சொல்லவில்லை. பூட்டுத் தொங்கியிருந்தால்கூடக் கரை உஷாராகியிருக்கும். திறந்த கதவும் காலிக் கம்பமும் சேர்ந்து பொய் சொல்லின.

கேட்டாயா? அமலனுக்கு விலை பேச வராதே. லித்தியாளிடம் அந்தப் பேரம் நடக்காது. விட்ட வரியைச் சட்டத்தில் ஏற்று. மாற்றிய ஆட்களைத் திருப்பி அனுப்பு. அடுத்த வள்ளம் இறங்குவதற்குள் செய்!