மீன் துறையில் இளவரசி

ஜப்பானின் எடோ நகரத்தில் ரோகெட்சு என்றொரு ஓவியர் இருந்தார். மர அச்சுப் படங்களுக்குச் சித்திரம் எழுதிக் கொடுப்பது அவர் தொழில். பழங்காவியத்து ஆட்களைக் கடைத்தெரு ஆட்களாக மாற்றி வரைவதில் அவரை அடிக்க ஆளில்லை. வாளோடு குதிரையில் பாயும் தளபதி, அவர் கையில் குடையோடு மழையில் ஓடும் துணி வியாபாரி ஆகிவிடுவார். பார்க்கிறவன் முதலில் சிரிப்பான். பிறகு காவியம் ஞாபகத்துக்கு வந்து இன்னொரு தரம் சிரிப்பான்.

அவரிடம் பதினோரு வருடமாக இருந்த சீடன் கிஹாச்சி. அந்த வசந்தத்தில்தான் முதன்முதலாக அவன் பெயரிலேயே ஒரு படம் அச்சாவதாக இருந்தது.

கடற்கரை மாளிகை இளவரசியின் கதையை அவன் எடுத்துக்கொண்டான். திரும்பி வருகிறேன் என்று கப்பலேறிப் போன கணவனுக்காக ஒன்பது வருடம் வாசலில் நின்றவள். கிஹாச்சி அவளை மீன்காரியாக்கினான். மாளிகை வாசல், படகுகள் வந்து மீன் இறக்கும் துறை ஆயிற்று. பட்டு விசிறி இருந்த இடத்தில் கானாங்கெளுத்திக் கூடை வந்தது. கண்களுக்கு மட்டும் பார்த்து வரைய ஓர் ஆள் வேண்டியிருந்தது. தினமும் பட்டறைக்கு மீன் கொண்டுவரும் ஒதாமியின் கண்களை, இடது புருவத்துத் தழும்போடு அப்படியே எழுதினான்.

சக சீடர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"அட, நம்ம ஒதாமி!" என்றான் ஒருவன். "அவள் புருஷன் படகோடு போய் மூன்று வருஷம் ஆகிறதே. பொருத்தமாகத்தான் பிடித்திருக்கிறாய்."

கிஹாச்சிக்கு அது தெரியாது. பதினோரு வருடம் அவளிடம் மீன் வாங்கியவன், ஒரு நாளும் கேட்டதில்லை.

படத்தை எடுத்துக்கொண்டு குருவிடம் போனான்.

"குருவே, இந்த மாதிரிப் படங்களில் நாம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்? இளவரசியையா, மீன்காரியையா?"

ரோகெட்சு தூரிகை கழுவிக்கொண்டிருந்தார்.

"பதிப்பாளரின் ஆள் எப்போது வருகிறான்?"

"மதியம்."

வந்தால் படத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவான். அதைச் செர்ரி மரப் பலகையில் குப்புற ஒட்டி, கோட்டோடு கோடாகச் செதுக்குவார்கள். செதுக்கச் செதுக்கத் தாள் சிதைந்துபோகும். அதற்குப் பிறகு எதையும் மாற்ற முடியாது.

"மதியத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது," என்றார் குரு. "அவளிடமே போய்க் காட்டு."

"வேண்டாம் என்று சொல்லிவிட்டால்?"

"கிழித்துவிடு."

"பதினோரு வருஷம், குருவே!"

ரோகெட்சு அடுத்த தூரிகையை எடுத்துக் கழுவ ஆரம்பித்தார்.

மீன் துறையில் கூட்டம் கலைகிற நேரம். கிஹாச்சி படத்தை விரித்ததும் நாலைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"அடியே ஒதாமி, உன்னை ராணியாக்கிட்டான்டி!"

"ராணி கூடையில கானாங்கெளுத்தி! நாத்தம் அரண்மனை வரைக்கும் அடிக்கும்!"

ஒதாமி வந்து குனிந்து பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை.

"யாரு தம்பி இது?"

"பழைய கதையில் வரும் இளவரசி, அக்கா. கண் மட்டும்... உங்களுடையது. கேட்காமல் வரைந்துவிட்டேன்."

"கதையச் சொல்லு."

சொன்னான். சொல்லும்போது அவன் குரல் இறங்கிக்கொண்டே போயிற்று.

"வந்தானா?" என்று கேட்டாள்.

"வரவில்லை, அக்கா."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கூடைகளைப் பார்க்கப் போனார்கள்.

"ஒன்பது வருஷம்," என்றாள் ஒதாமி. "அதுவரைக்கும் அவளுக்குச் சோறு யாரு போட்டது?"

"வேலைக்காரர்கள் இருந்தார்கள்."

"குடுத்து வச்சவ."

பிறகு, தாளில் ஈரம் படாமல் விரலை நீட்டினாள். "மூஞ்சிய மறைச்சுக்கிட்டு இது என்ன?"

"அங்கிக்கை. அந்தக் காலத்துப் பெண்கள் அழும்போது அங்கியின் அகலமான கையால் முகத்தை மூடிக்கொள்வார்கள். பழைய சுருள் ஓவியங்களில் எல்லாம் அப்படித்தான். அதை வைத்துத்தான் அந்த இளவரசி என்றே கண்டுபிடிப்பார்கள்."

ஒதாமி தன் தோளைக் காட்டினாள். அங்கியின் இரண்டு கைகளும் கயிறு போட்டு இழுத்து முதுகில் கட்டப்பட்டிருந்தன.

"துறைக்கு வந்ததும் கட்டிருவோம். இல்லாட்டி மீன் எப்படி அறுக்கிறது?"

அந்தக் கயிற்றைக் கிஹாச்சி தினமும் பார்த்திருக்கிறான். ஆனால் வரையும்போது அவன் கைக்குச் சுருள் ஓவியம்தான் வந்திருக்கிறது.

"அப்படியானால் கண்ணை எதைக் கொண்டு துடைப்பீர்கள், அக்கா?"

"கையெல்லாம் செதிலும் உப்பும். கண்ணுகிட்ட கொண்டுபோனா எரியும்." கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "அது பாட்டுக்கு வடியட்டும்னு விட்டுருவேன்."

நாலடி போய்த் திரும்பினாள்.

"அப்படிப் போடறதுன்னா போடு."

கிஹாச்சி ஓட்டமாகப் பட்டறைக்கு வந்தான். புதுத் தாள் எடுத்தான். கயிறு கட்டிய தோள்கள். கூடையைப் பிடித்த இரண்டு கைகள். மறைக்க ஒன்றும் இல்லாததால் கன்னத்தையும் வாயையும் எழுத வேண்டியிருந்தது. அதற்குத்தான் நெடுநேரம் பிடித்தது.

நிமிர்ந்தபோது பதிப்பாளரின் ஆள் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

"என்னப்பா இது, அங்கிக்கையைக் காணோம்? வெறும் மீன்காரியாக நிற்கிறாள். யாருக்கு இளவரசி ஞாபகம் வரும்? யார் சிரிப்பார்கள்? பழையதைக் கொடு. இல்லாவிட்டால் எங்கள் முதலாளி வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்."

கிஹாச்சி பழைய படத்தை எடுத்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். இரண்டாகக் கிழித்தான்.

கிழித்த பிறகுதான் அவனுக்குப் பயம் வந்தது. புதுப் படத்தைக் கொண்டுபோய்க் குருவின் முன்னால் வைத்தான்.

"குருவே, இளவரசியைத் தொலைத்துவிட்டேனா?"

ரோகெட்சு படத்தைக் கையில் வாங்கவில்லை. அதன்முன் முழங்காலிட்டு உட்கார்ந்தார்.

"எண்ணூறு வருஷமாக இந்த அம்மாளின் அங்கிக்கையைத்தான் எல்லோரும் வரைந்துகொண்டிருந்தோம்," என்றார். "முகத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்."