திரும்பி வந்த சிவப்புத் துளி

நீரகம் என்றொரு நாடு. அங்கே ஓடும் ஆறு எப்படி வளையும் என்றால், குளிக்க இறங்கியவன் எந்தக் கரையில் வேட்டியை வைத்தோம் என்று தெரியாமல் அரை நாள் தேடுவான். அந்த நாட்டு ராஜா ஆழிவர்மருக்குத் தண்ணீர்ப் பைத்தியம். இலையில் ரசம் ஊற்றினால் அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து முடித்துத்தான் பிசைவார். அதற்குள் சோறு ஆறிப்போகும்.

இப்படிப்பட்டவர் அரண்மனைக்குள்ளேயே நீரோட்ட ஆய்வுக்கூடம் ஒன்று கட்டியதில் அதிசயமே இல்லை. அதற்குத் தலைவர் சபேசனார். பொறியியல் படிக்கிற பிள்ளைகள் அங்கே ஒரு பருவம் பயிற்சிக்கு வருவார்கள். முடிவில் ராஜா முத்திரை வைத்த சான்றிதழ் வாங்கிப் போனால்தான் கல்லூரியில் பட்டம். இல்லாவிட்டால் இன்னொரு வருஷம் அதே பெஞ்சுதான்.

அந்த வருஷம் வந்தவள் கோமளவல்லி. வாய் கொஞ்சம் நீளம். சபேசனார் புது வாய்க்காலின் வரைபடத்தை ராஜாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, "ஐயா, தண்ணீர் மேட்டில் ஏறுகிறதே, படத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்களோ?" என்று கேட்டுவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். சபேசனாருக்கு மட்டும் மீசை துடித்தது.

பயிற்சி முடிகிற நாள். ராஜா சபையோடு ஆய்வுக்கூடத்துக்கு வந்து, முத்திரை வைக்கக் கையைத் தூக்கினார்.

"மகாராஜா, கொஞ்சம் பொறுங்கள்," என்றார் சபேசனார். "இந்தப் பெண் பெரிய கெட்டிக்காரி. ஒரு சின்னச் சோதனை வைப்போமே. தண்ணீரில் ஒரு துளி சாயம் விட்டுக் கலக்குவோம். அந்தத் துளியை அவள் திரும்ப எடுத்துக் கொடுக்கட்டும். அப்புறம் முத்திரை."

ராஜாவுக்கு ஆசை வந்துவிட்டது. "என்ன அம்மா சொல்கிறாய்? முடியாவிட்டால் முத்திரை கிடையாது."

கோமளவல்லி யோசித்தாள். "தண்ணீர் வேண்டாம், மகாராஜா. கிளிசரினில் செய்யலாமா? பாகு மாதிரி கெட்டியாக இருக்கும்."

"எதில் செய்தால் என்ன," என்றார் சபேசனார். "கலந்தது கலந்ததுதான்."

"இன்னொன்று. நான் கலக்கினால் சரியாகக் கலக்கவில்லை என்பார்கள். ஐயா கையாலேயே கலக்கட்டும்."

சபேசனாருக்கு வாயெல்லாம் பல்.

பெரிய கண்ணாடி உருளை ஒன்று, அதற்குள் சின்ன உருளை ஒன்று, இரண்டுக்கும் நடுச்சந்தில் கிளிசரின். உள் உருளையைச் சுற்ற மேலே ஒரு கைப்பிடி. சிவப்புச் சாயம் கலந்த கிளிசரினில் ஒரு துளி எடுத்து அந்தச் சந்தில் விட்டாள் கோமளவல்லி. குங்குமப் பொட்டு மாதிரி நின்றது.

சபேசனார் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்தார். தேர் நகர்வது போல ஒரு சுற்று. மூச்சு வாங்கிக்கொண்டார். இன்னொரு சுற்று. ராஜா எண்ணிக்கொண்டே இருந்தார், மந்திரி கொட்டாவி விட்டார். பொட்டு நூலாக இழுபட்டது, புகையாயிற்று, மறைந்தே போனது.

"கலந்துவிட்டதா?" என்றார் ராஜா.

"சுத்தமாக, மகாராஜா. இனி பிரம்மாவே இறங்கி வந்தாலும் எடுக்க முடியாது."

கோமளவல்லி போய் அதே கைப்பிடியை எதிர்ப்பக்கமாகச் சுற்றினாள். அதே நிதானம். ராஜா எண்ணி வைத்திருந்த அதே சுற்றுகள். முதலில் புகை தெரிந்தது. புகை நூலாயிற்று. நூல் சுருங்கிச் சுருங்கிக் கடைசிச் சுற்றில் பொட்டாக வந்து நின்றது. ஓரம் லேசாக மங்கல், அவ்வளவுதான்.

"இது செல்லாது," என்று குதித்தார் சபேசனார். "அது கலக்கவே இல்லை."

"சுத்தமாகக் கலந்துவிட்டது என்று ஐயாதானே சொன்னீர்கள்," என்றாள் அவள்.

ராஜா உருளையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "இது எப்படியம்மா?"

"கெட்டியான திரவத்தை மெதுவாகச் சுற்றினால் போன வழியிலேயே திரும்பி வரும், மகாராஜா. வேகமாகச் சுற்றியிருந்தால் எல்லாம் குழம்பியிருக்கும். நான் தோற்றிருப்பேன்."

"அப்படியானால் கைப்பிடியை ஏன் அவரிடம் கொடுத்தாய்? அவர் வேகமாகச் சுற்றியிருந்தால்?"

"சுற்ற மாட்டார், மகாராஜா. வந்த அன்றைக்கு உட்கார ஒரு நாற்காலி வேண்டுமென்று ஐயாவிடம் மனுக் கொடுத்தேன். இன்றுவரை நின்றுகொண்டுதான் வேலை பார்க்கிறேன்."

ராஜா சிரித்த சிரிப்பில் ஆய்வுக்கூடத்துத் தொட்டிகளெல்லாம் அலையடித்தன. முத்திரை அந்த நிமிஷமே விழுந்தது. பரிசாக ஒரு வெள்ளி நாற்காலியும் கொடுக்கச் சொல்லி உத்தரவு போட்டார். உத்தரவு சபேசனார் மேசைக்குப் போயிருக்கிறது. கோமளவல்லி பேரன் பேத்தியே எடுத்துவிட்டாள். நாற்காலி இன்னும் வரவில்லை.